பெட்ரோல் பிக்கப்பில் டீசல் இன்ஜின்: வீட்டில் மாற்றுபவர்கள் சறுக்கும் இடங்கள்

இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, பானெட் கழற்றிய பிக்கப்பின் வாய்க்குள் மெல்ல இறக்கி, மவுண்டிங் போல்ட்டைப் போட்டு முடித்ததும் பெரிய வேலை முடிந்துவிட்டது போல ஒரு நிம்மதி வரும். அதை நம்பாதீர்கள். உட்கார வைப்பதுதான் இதில் சுலபமான பகுதி. பழைய பெட்ரோல் இன்ஜின் இத்தனை வருடம் வாய் திறக்காமல் சில சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. அதெல்லாம் இனி யார் தலையில் என்று பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. பாதியில் நின்று தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்தால், இன்ஜின் பொருந்தாமல் நின்றவை குறைவு. சுற்றியிருக்கும் சாமான்களில் சிக்கி நின்றவைதான் அதிகம்.

முதலில் காகித வேலை. இன்ஜின் வகையும் எரிபொருளும் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் காப்பீட்டிலும் மாற்ற வேண்டியிருக்கும். புகைச் சோதனையின் அளவுகோலும் மாறும். விதி இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் வண்டியின் வயதைவிடப் பழைய இன்ஜினைப் போடவே விடமாட்டார்கள். இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் அல்ல.

அடுத்தது எந்த இன்ஜின் என்பது. காமன் ரயில் வகை (ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் டீசல் போகும், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்ஜின்) அமைதியாக ஓடும், இழுவையும் நன்றாக இருக்கும். ஆசை வருவது இயல்பு. ஆனால் அது தனியாக வராது. ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), முழு ஒயரிங், ஆக்சிலேட்டர் பெடல், சாவியோடு பேசும் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர் என்று ஒரு குடும்பமே கூட வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இன்ஜின் ஓடாது, அல்லது நொண்டும். வீட்டில் முதல்முறை செய்பவர்களுக்கு மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜின்தான் சரி என்பது என் கருத்து. எதுவானாலும் இன்ஜினை மட்டும் தனியாக வாங்காமல், முழு வண்டியாகவே கிடைத்தால் அதை வாங்குங்கள். பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு), மவுண்டிங், இன்டர்கூலர் குழாய், ஹீட்டர் பிளக் ரிலே, ஏன், ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள போல்ட்கூட அதில்தான் இருக்கும். தனித்தனியாகத் தேடினால் மாதக்கணக்காகும்.

பெடல் கல்லாகும் கதை

நான் முதலில் பயப்படச் சொல்வது பிரேக்குக்குத்தான். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வழியில் இருக்கும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ளும், பிஸ்டன்கள் உறிஞ்ச முயலும், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயில்) வேக்குவம், அதாவது வெற்றிட உறிஞ்சல், உண்டாகும். பிரேக் பூஸ்டர் உங்கள் காலுக்குத் துணை நிற்பது அந்த வேக்குவத்தால்தான். டீசல் இன்ஜினில் காற்றை அடைப்பதில்லை. டீசலின் அளவைத்தான் கூட்டிக் குறைக்கிறோம். ஆகவே பூஸ்டருக்குப் போகும் அளவுக்கு வேக்குவம் கிடைக்காது. பழைய குழாயை அப்படியே புது மேனிஃபோல்டில் சொருகிவிட்டுத் தெருவுக்குப் போனால், பூஸ்டரில் வேக்குவம் மிச்சமிருந்தால் முதல் இரண்டு மிதி நன்றாகவே பிடிக்கும். மூன்றாவது மிதியில் பெடல் கல்.

டீசல் வண்டிகளில் இதற்கென்றே தனி வேக்குவம் பம்ப் உண்டு. சில இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரின் வாலில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் கேம்ஷாஃப்டோ கியரோ சுழற்றும். பழைய இன்ஜின் வாங்கும்போது ஆல்டர்னேட்டரை யாராவது மாற்றி, பம்ப் இல்லாத ஒன்றை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இது அடிக்கடி நடப்பது. பம்புக்கு வழியில்லை என்றால் பவர் ஸ்டீயரிங் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பூஸ்டர் ஒரு மாற்று.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக வையுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

வேக்குவத்தை நம்பியிருக்கும் ஆள் பூஸ்டர் மட்டுமல்ல. சில ஃபோர்வீல் பிக்கப்புகளில் முன் ஆக்சிலைச் சேர்ப்பதும், பழைய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களில் எப்போது கியர் மாற வேண்டும் என்பதைச் சொல்வதும் அதே வேக்குவம்தான். கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போட்ட பிறகு இது ஞாபகம் வந்து என்ன பயன்?

எடை, உயரம், சம்ப்

கம்மின்ஸ் 4பிடி பலருக்கும் பிடித்த இன்ஜின், 3.9 லிட்டர், நாலே சிலிண்டர். நாலு சிலிண்டர்தானே என்று ஏமாந்துவிடாதீர்கள், சுமார் 340 கிலோ இருக்கும். அதன் அண்ணன் 6பிடி 5.9 லிட்டர், 500 கிலோவை ஒட்டி. சின்ன பெட்ரோல் இன்ஜின் இருந்த முன்பக்கத்தில் இதை வைத்தால் ஸ்பிரிங் படுத்துவிடும், வீல் அலைன்மென்ட் மாறும், முன் பிரேக்குக்கு வேலை கூடும். 4பிடியில் அதிர்வைச் சமன் செய்யும் பேலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது என்பதால் ஐடிலில் வண்டியே குலுங்கும். கெட்டியான மவுண்டிங் போட்டால் கண்ணாடி முதல் பல் வரை ஆடும்.

மவுண்டிங்கை வெல்டிங் செய்யும் நேரத்தில் அவசரப்படுபவர்கள் நிறைய. கியர் பாக்ஸை மாட்டி, ரேடியேட்டர், ஃபேன், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) குழாய் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்து, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் அளவு எடுக்க வேண்டும். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். சம்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியின்) பள்ளம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று இன்ஜின் வாங்கும்போதே பார்த்திருந்தால் நல்லது. நின்ற நிலையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும் சம்ப், குழியில் விழுந்து ஆக்சில் மேலே வரும்போது முன் டிஃபரன்ஷியலில் போய் முட்டும்.

கியர் கணக்கு

டீசல் வண்டி வேகம் போகாது என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் சுற்றளவு 2.4 மீட்டர், ஆக்சில் விகிதம் 4.10 (கியர் பாக்ஸ் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), டாப் கியர் நேரடி (இன்ஜினும் அந்த ஷாஃப்டும் ஒரே சுற்று) என்று வைப்போம். பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 4500 சுற்றில் ஓடினால் மணிக்கு சுமார் 158 கிலோமீட்டர். 4பிடி போன்ற இன்ஜின் 2500 சுற்றை ஒட்டியே நின்றுவிடும். அதே ஆக்சிலில் 88 கிலோமீட்டர், அதற்கு மேல் கத்துமே தவிர ஓடாது. ஓவர்டிரைவ் 0.75 உள்ள கியர் பாக்ஸ் போட்டால் 117. அல்லது கிரவுன்-பினியனை (ஆக்சில் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியை) 3.08க்கு மாற்றினாலும் அதே 117தான்.

கிரவுன்-பினியனை மாற்றுபவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபோர்வீல் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டுக் கெட்டியான தரையில் ஃபோர்வீலைப் போட்டால் எங்காவது பல் உடையும். அப்புறம் ஸ்பீடோமீட்டர். பழைய வண்டிகளில் அது கியர் பாக்ஸின் பின்முனையிலிருந்து சுற்று எடுக்கிறது. 4.10லிருந்து 3.08க்குப் போனால் மீட்டர் 75 காட்டும்போது வண்டி உண்மையில் 100-இல் போய்க்கொண்டிருக்கும்.

முறுக்குவிசையையும் (டார்க்) பார்க்க வேண்டும். பழைய டொயோட்டா பிக்கப்பின் 22ஆர்-ஈ பெட்ரோல் இன்ஜின் தருவது சுமார் 190 நியூட்டன் மீட்டர். 105 குதிரைத்திறன் 4பிடி 1600 சுற்றிலேயே 360ஐத் தொடும். குதிரைத்திறன் ஏறத்தாழ ஒன்றுதான் என்று பழைய கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டால் அது எத்தனை நாள் தாங்கும் என்பது உங்கள் வலது காலின் கையில். அடாப்டர் பிளேட் செய்து மாட்டுபவர்கள் கிராங்கும் கியர் பாக்ஸ் ஷாஃப்டும் ஒரே மையத்தில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விலகல்கூட பைலட் பேரிங்கையும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியையும் தின்றுவிடும்.

டேங்கிலிருந்து நாசில் வரை

பெட்ரோல் டேங்கையே வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம், ஆனால் துளி பெட்ரோல் மிச்சமில்லாமல் சுத்தம் செய்த பிறகு. டீசல் பம்பின் உள்பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். பெட்ரோல் கலந்தால் அந்த வழுக்கல் போய்விடும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று காலி டேங்கின் அருகே வெல்டிங் வைப்பதுதான் இந்த வேலையிலேயே மோசமான தவறு. டீசல் பற்ற 50 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோல் ஆவியோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே பற்றும் தன்மையுள்ளது. நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க் ஆபத்தானது. ஓட்டை இருந்தால் வேறு டேங்க் வாங்குங்கள்.

டீசல் பம்ப் எடுத்துக்கொள்வதில் ஒரு பங்கைச் சூடாக்கித் திருப்பி அனுப்பும். அதற்கு ரிட்டன் லைன் வேண்டும். கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் அது இருக்காது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் 3 பார் அழுத்தம் வரை தள்ளும். மெக்கானிக்கல் டீசல் பம்புக்கு அவ்வளவு ஆகாது, சும்மா விட்டாலும் அது வழியை அடைக்கும், கழற்றிவிடுங்கள். குழாய் இணைப்புகளில் துத்தநாகப் பூச்சு வேண்டாம், டீசலோடு சேர்ந்து பிசுபிசுப்பாகி ஃபில்டரை அடைக்கும்.

இன்னொரு தொல்லை ஏர். பெட்ரோல் குழாய் கசிந்தால் சொட்டும், மணக்கும், தெரிந்துவிடும். டீசலை இழுக்கும் குழாயில் சின்ன விரிசல் இருந்தால் ஒன்றும் சொட்டாது. உள்ளே காற்றை உறிஞ்சும். ராத்திரி நின்ற வண்டி காலையில் கிளம்பாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் அரையடி நீளம் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் குழாய் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் திருடன் டேங்க் பக்கம்தான்.

டேங்க் மூடியில் பெரிதாக ‘டீசல்’ என்று எழுதிவிடுங்கள். பெட்ரோல் வண்டியின் கழுத்து பல நேரம் குறுகலாக இருக்கும், டீசல் துப்பாக்கி நுழையாது. அதையும் முதல் முறை நிரப்பப் போகும்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

எர்த்

ஒரு வண்டியில் நானே செய்த தவறு. எல்லாம் மாட்டியாயிற்று, புது பேட்டரி, ஹீட்டர் பிளக் சூடாயிற்று, சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் ‘ங்ங்ங்’ என்று சோம்பலாக முனகியது. பேட்டரி பத்தவில்லை என்று மறுபடி திருப்பினேன். மூன்றாவது முறை ரப்பர் கருகும் வாடை. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ஆக்சிலேட்டர் கேபிளின் உறை உருகி வழிந்துகொண்டிருந்தது. இன்ஜினிலிருந்து சேஸுக்குப் போக வேண்டிய எர்த் பட்டையைக் கட்டவே இல்லை. மின்சாரத்துக்கு வழி வேண்டுமே, கிடைத்த மெல்லிய கம்பி வழியாகப் போயிருக்கிறது. டீசல் செல்ஃப் இழுக்கும் மின்னோட்டம் பெட்ரோலைவிட மிக அதிகம். கனமான கேபிளும், இன்ஜினுக்கும் சேஸுக்கும் பேட்டரிக்கும் தனித்தனி எர்த்தும் கட்டாயம்.

வாங்கிய இன்ஜின் லாரியிலிருந்து வந்தது என்றால் அதன் செல்ஃப், ஹீட்டர் பிளக், டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்தும் சொலினாய்டு (மின்சார வால்வு) எல்லாம் 24 வோல்ட்டாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த சொலினாய்டுக்குப் பழைய இக்னிஷன் காயில் ஒயரையே கொடுப்பது ஒரு சகஜமான தவறு. சில வண்டிகளில் அந்த ஒயரில் ரெசிஸ்டர் இருக்கும், 12 வோல்ட் முழுதாக வராது, ஓடும் வண்டி திடீரென நிற்கும். காயிலே இல்லாததால் ஆர்.பி.எம். மீட்டரும் செத்துவிடும், ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து சுற்று எடுக்கும் மீட்டராக மாற்ற வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

பெட்ரோல் இன்ஜினில் சாவியை அணைத்தால் பொறி நிற்கும், கதை முடிந்தது. டீசலுக்குப் பொறியே கிடையாது. டர்போவின் சீல் போய் ஆயில் உள்ளே வந்தாலோ, சம்பில் ஆயில் அதிகமாகிக் காற்றுவழியில் ஏறினாலோ, பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் மாட்டிக்கொண்டாலோ அது சாவியைக் கேட்காமல் சுற்றிக்கொண்டே போகும், உடையும் வரை. வாங்கிவைத்துப் பல மாதம் கிடந்த இன்ஜினில் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் பம்பில் கையால் இழுத்து நிறுத்தும் கேபிள் ஒன்றை, சொலினாய்டு இருந்தாலும், போட்டுவிடுங்கள். டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் அகலமாக, நேராகக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். வளைத்து மேலே ஏற்றினால் ஆயில் தேங்கி சீல் வழியாகத்தான் போகும். நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃபில் சுற்றிய பிறகே கிளப்புங்கள்.

ஏர் எடுக்க நாசில் நட்டைத் தளர்த்தும் பழக்கம் பழைய இன்ஜினுக்குச் சரி, அதுவும் டீசல் பாயும் இடத்திலிருந்து கை தள்ளியே இருக்க வேண்டும். காமன் ரயிலில் ஓடும்போது தொடவே கூடாது. 1500 பாருக்கு மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

ஏர் ஃபில்டர் குழாயை இப்போதைக்கு மாட்ட வேண்டாம். டர்போவின் வாயைவிட அகலமான, வழவழப்பான கனத்த பலகை ஒன்றை ஒருவர் கையில் கொடுத்து அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். இன்ஜின் தன்னிச்சையாக ஏற ஆரம்பித்தால் பலகையை வாயில் அறைந்து மூட வேண்டும், காற்று நின்றால் அதுவும் நிற்கும். துணி வேண்டாம், உள்ளே இழுத்துவிடும். கையும் கூடாது, அதே காரணம்தான்.