ஒரு நாளை வாசனையில் பூட்டி வைக்க

கலியாணத்துக்கோ முதற்பயணத்துக்கோ, வீட்டில் யாரும் பூசாத வாசனையாகத் தெரிவு செய்யுங்கள். பழகிய மணத்தில் வேறு நினைவுகள் முன்பே ஒட்டியிருக்கும். புலன்களில் மணத்தின் செய்தி மட்டும், மூளையின் இடைநிலையமான தலாமஸ் வழியாகச் சுற்றாமல், உணர்ச்சிக்குரிய மூளைப்பகுதியான அமிக்டலாவுக்கு நேரே போகிறது. அதனால்தான் மணத்தின் பெயர் ஞாபகம் வருமுன் நெஞ்சு இளகுகிறது.

கொழும்பு புறக்கோட்டையில் அத்தர் வாங்கும்போது மூன்றுக்கு மேல் முகராதீர்கள், மூக்கு மரத்துவிடும். மணிக்கட்டில் ஒரு துளி வையுங்கள், தேய்க்க வேண்டாம். அரை மணி நேரம் பொறுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. எலுமிச்சை, தோடை வாசம் பறந்தபின் நிற்கும் சந்தனமோ அகிலோ பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு தினமும் பூசினால் நினைவு மங்கும். போத்தலை இறுக மூடி, இருண்ட அலுமாரியில் வையுங்கள். குளியலறை வெக்கையில் மணம் திரிந்துவிடும்.