பழைய கணினியில் இன்றைய பிரவுசர்: எது தடுக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது எப்படி

திருகோணமலை உவர்மலையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டில், மேசைக்கு அடியில் ஒரு பென்டியம் 4 கணினி இருக்கிறது. போன மாரி முடிந்ததிலிருந்து எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கைதான் வந்துகொண்டிருந்தது. திருத்தக் கொண்டுபோன இடத்தில், இது இனிச் சரிவராது, புதுசு வாங்குங்கோ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தம்பி, உண்மையிலேயே இது எறியிற சாமானோ?" என்று என்னைக் கேட்டா.

போட்டுப் பார்த்தேன். திரையின் கீழ் மூலையில் தேதி 2004 ஜனவரி 1 என்று இருந்தது. எழுபது வயது தாண்டியவருக்கு இந்த விலைவாசியில் புதுக் கணினி வாங்கு என்று சொல்வதற்கு முன்னர் ஒருவர்கூட அந்த மூலையைப் பார்க்கவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. ரீச்சரைப்போல் எத்தனையோ வீடுகளில் நல்ல இயந்திரங்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு வேலையையும் வரிசையாக எழுதுகிறேன். கணினியின் மூடியைக் கழற்றியே பழக்கமில்லாதவர்களும் செய்யலாம்.

படி 1: முதலில் கடிகாரம்

ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் பிரவுசருக்குள் வருகிறது. அந்தச் சான்றிதழில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கும். கணினி தான் 2004இல் இருப்பதாக நம்பினால், இந்த வருடம் கொடுத்த சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் எல்லாத் தளங்களையும் மறுத்துவிடும்.

தேதியைத் திருத்திவிட்டு, கணினியை நிறுத்தி, மின்சாரத்தையும் துண்டித்து, ஒரு மணித்தியாலம் கழித்துப் போட்டுப் பாருங்கள். தேதி பழையபடி பின்னுக்குப் போயிருந்தால் மதர்போர்டு என்ற உள்ளேயுள்ள பெரிய பலகையில் இருக்கும் சின்னப் பற்றரி செத்துவிட்டது. ஐந்து ரூபாய்க் குற்றியைப்போல வட்டமாக இருக்கும். பெயர் சிஆர்2032. கைக்கடிகாரம் திருத்தும் கடைகளிலும் கிடைக்கும்.

மாற்றும்போது மின்வயரைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். பக்கத் தகட்டின் ஸ்குரூக்களை எடுத்து, உள்ளே உலோகப் பாகம் ஒன்றை ஒரு தரம் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்கிக்கொள்ளுங்கள். பற்றரியின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளிக் கொளுக்கி இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பற்றரி தானாக மேலே துள்ளும். ரீச்சரின் கணினியில் அந்தக் கொளுக்கியும் அடியிலுள்ள தகடும் பச்சை பூத்திருந்தன. கடலைப் பார்த்த வீடு, உப்புக் காற்று. புதுப் பற்றரியைப் போட்டிருந்தாலும் அந்தப் பச்சையின் மேல் அது சரியாகத் தொட்டிருக்காது. பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு, பிளஸ் அடையாளம் மேலே தெரியப் புதியதை அழுத்தினேன்.

மூடி திறந்திருக்கும்போதே ரேம் என்ற நினைவகப் பலகையையும் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அதே அழிரப்பரால் துடையுங்கள். திருகோணமலையில் நான் பார்த்த "செத்த" கணினிகளில் பல இந்த ஒரு வேலையோடு எழும்பியிருக்கின்றன. கணினியைப் போட்டவுடன் டிலீட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்தினால் பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரை திறக்கும். அங்கே தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்துச் சேமியுங்கள்.

தேதி சரியானதும் ரீச்சரின் கணினியில் சில தளங்கள் அந்த நிமிடமே திறந்தன. மற்றவை திறக்கவில்லை. அவற்றுக்கு அடுத்த படிகள்.

படி 2: கையில் இருப்பது எது?

விண்டோஸ் விசையையும் போஸ் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். புரொசசரின் பெயர், ரேமின் அளவு, விண்டோஸின் பதிப்பு எல்லாம் வரும். ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

புரொசசரில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது எஸ்எஸ்இ2, எஸ்எஸ்இ3 என்ற கட்டளைத் தொகுதிகள் உண்டா என்பது. சிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருள் அதைக் காட்டும். பென்டியம் 3, அத்லோன் எக்ஸ்பி போன்றவற்றில் எஸ்எஸ்இ2 கிடையாது. அவற்றில் இன்றைய பிரவுசர்கள் ஏறக்குறைய எதுவும் ஓடாது. அவற்றைத் தட்டச்சுக்கும் பாட்டுக் கேட்கவும் வைத்திருங்கள். 2004க்குப் பிந்திய பென்டியம் 4களில் எஸ்எஸ்இ3 உண்டு. 2021இல் வந்த 89ஆம் பதிப்பிலிருந்து குரோமுக்கு எஸ்எஸ்இ3 கட்டாயம். 2006இல் தொடங்கிய கோர் 2 டுவோ உங்களிடம் இருந்தால் நிம்மதியாக இருங்கள், அது 64 பிட் இயந்திரம், அதாவது பழைய 32 பிட் வகையை அடுத்து வந்தது.

ரேம் 1 ஜிபிக்குக் கீழே என்றால் மற்றெதற்கும் முன்னர் அதைக் கூட்டப் பாருங்கள். பழைய டிடிஆர், டிடிஆர்2 பலகைகளைப் புதிதாகத் தேடி அலைய வேண்டாம். கணினி திருத்தும் கடைகளின் பெட்டிகளில் கழற்றிய பலகைகள் கிடக்கும். உங்கள் பலகையையே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டி, அதே இனத்தை வாங்குங்கள். இனம் மாறினால் பொருந்தாது.

படி 3: பழைய பிரவுசர் ஏன் மறுக்கிறது

இதைச் செய்யத் தேவையில்லை, விளங்கிக்கொண்டால் போதும். தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையிலான பேச்சைப் பூட்டி வைக்கும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் 1.0, 1.1 பதிப்புகளை முக்கிய பிரவுசர்கள் 2020இல் கைவிட்டன. தளங்களும் அவற்றை ஏற்பதை நிறுத்திக்கொண்டே வருகின்றன. விண்டோஸ் எக்ஸ்பியிலுள்ள இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8க்கு 1.0க்கு மேல் தெரியாது. இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லாமல் போய்விட்டது.

சான்றிதழிலும் இன்னொரு சிக்கல் உண்டு. எண்ணற்ற தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட், பழைய கணினிகளில் நம்பியிருந்த மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு உத்தரவாதம் தருவது) 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியானது. புதிய மூலத்தை அறியாத கணினிகள் அன்றிலிருந்து அந்தத் தளங்களைச் சந்தேகிக்கின்றன. பயர்பொக்ஸ் தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே சுமந்து வருவதால், பழைய கணினிக்கு எப்போதும் அதையே முதலில் முயற்சி செய்யச் சொல்வேன்.

படி 4: விண்டோஸை விடாமல் பிரவுசரை மட்டும் மாற்றுவது

எக்ஸ்பிக்கு குரோம் 49ஆம் பதிப்போடு 2016இல் நின்றது. பயர்பொக்ஸின் 52 இஎஸ்ஆர் (நீண்ட காலம் திருத்தங்கள் வரும் பதிப்பு) 2018இல் நின்றது. அதற்குப் பிறகு ஆர்வலர்கள் கையிலெடுத்தார்கள். குரோமின் மூல நிரலிலிருந்து எக்ஸ்பியிலும் ஓடும்படி ஆக்கிய சுப்பர்மியம், பயர்பொக்ஸ் வழிவந்த மைபால் என்ற இரண்டும் பயன்படும். ரேம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் என்றால் சுப்பர்மியம், குறைவென்றால் மைபால். எக்ஸ்பியில் சேர்விஸ் பெக் 3 என்ற திருத்தத் தொகுப்பு இருக்கிறதா என்று முதலே உறுதிசெய்யுங்கள்.

விண்டோஸ் 7 என்றால் வேலை சுகம். குரோம் அதற்கு 109ஓடு 2023இல் நின்றுவிட்டது. பயர்பொக்ஸ் 115 இஎஸ்ஆருக்கு, மற்ற கணினிகளில் காலம் முடிந்த பிறகும், விண்டோஸ் 7, 8, 8.1க்காகப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பலமுறை நீட்டித்துக் கொடுத்தார்கள். அதையே போடுங்கள்.

புதிய பிரவுசரை இறக்கப் போனால் பழைய பிரவுசர் அந்தப் பக்கத்தையே திறக்காது. போனில் இறக்கி, யூஎஸ்பி வயரால் கணினிக்கு மாற்றுங்கள். 32 பிட் கணினிக்கு 32 பிட் கோப்பு. உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். "இலவச டவுன்லோட்" என்று பெரிய பச்சைப் பொத்தான் காட்டும் இடைத் தளங்களில் கை வைக்க வேண்டாம்.

எக்ஸ்பியில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கண்ட்ரோல் பனலில் வட்டார, மொழி அமைப்புக்குள் போய், மொழிகள் பக்கத்தில் சிக்கலான எழுத்துகளுக்கான முதல் கட்டத்தில் சரி அடையாளம் போடுங்கள். எக்ஸ்பி சீடியைக் கேட்கும். போட்டால் லதா எழுத்துரு வந்துவிடும். சீடி இல்லாதவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கி எழுத்துருக் கோப்புறைக்குள் போட்டுவிடுங்கள், புதிய பிரவுசர்களுக்கு அது போதும். கையோடு நோட்டோ சிங்கள எழுத்துருவையும் போடுங்கள். எக்ஸ்பியோடு சிங்கள எழுத்துரு வரவில்லை. அரச தளங்களில் சில படிவங்கள் சிங்களத்தில் மட்டும் இருக்கும்போது அது தேவைப்படும்.

ஒன்றை மட்டும் திடமாகச் சொல்கிறேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓடும், விண்டோஸ் 7க்குப் பொதுவாக 2020 ஜனவரி 14ஓடும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பிரவுசர் புதிதானாலும் அடியில் இருக்கும் வீடு ஓட்டைதான். பத்திரிகை வாசியுங்கள், பரீட்சைப் பெறுபேறு பாருங்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை அதில் தட்டவே வேண்டாம்.

படி 5: லினக்ஸ், நான் விரும்பும் வழி

ரீச்சரின் கணினிக்கு நான் செய்தது இதுதான்: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். 32 பிட் இயந்திரங்களுக்கு டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்ட, பாரம் குறைந்த அன்டிஎக்ஸ் 23ஐச் சொல்வேன். 512 எம்பி ரேமிலும் எழும்பும். 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. பயர்பொக்ஸும் 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திவிட்டது. 32 பிட் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சியது 140 இஎஸ்ஆர். ஆகவே 32 பிட் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். கோர் 2 டுவோ உள்ளவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. 64 பிட் அன்டிஎக்ஸ் அல்லது எம்எக்ஸ் லினக்ஸ் போடலாம்.

படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிறகு, நண்பரின் நல்ல கணினியில் அன்டிஎக்ஸ் கோப்பை இறக்கி, ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அந்தக் கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் ரூஃபஸின் 3.22ஆம் பதிப்பு வேண்டும், அதற்குப் பிந்தியவை அதில் ஓடாது.

பழைய கணினியில் பென் டிரைவைச் செருகிப் போட்டு, உடனே எஃப்12ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். சிலவற்றில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். எதிலிருந்து தொடங்க என்று கேட்கும் பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மிகப் பழையவை பென் டிரைவிலிருந்து எழும்பாது. அவற்றுக்கு டிவிடியில் எழுத வேண்டும்.

இப்போது திறப்பது ஒத்திகைதான், உங்கள் ஹார்ட் டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. போனை யூஎஸ்பி வயரால் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமலே இணையத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரவுசரைத் திறந்து, சத்தம், திரை, மவுஸ் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். பிடித்தால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும்போது, முழு டிஸ்க்கையும் பயன்படுத்தவா என்று கேட்கும். ஆம் என்றால் விண்டோஸ் போய்விடும், அந்த இடத்தில் மட்டும் நிதானமாக வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

படி 6: பாரத்தைக் குறைப்பது

விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சியை பயர்பொக்ஸில் போடுங்கள். பழைய கணினியை மூச்சுமுட்ட வைப்பது பெரும்பாலும் செய்தியல்ல, அதைச் சுற்றி ஓடும் விளம்பரங்கள்தான். அவை வராவிட்டால் டேட்டாவும் மிஞ்சும். ஒரே நேரத்தில் இரண்டு டேப்புக்கு மேல் வேண்டாம். எது ரேமைத் தின்கிறது என்று தெரியாவிட்டால், பயர்பொக்ஸ் மெனுவில் கூடுதல் கருவிகளுக்குள் உள்ள டாஸ்க் மனேஜரைத் திறந்தால் ஒவ்வொரு டேப்பின் அளவும் தெரியும்.

யூடியூப் தத்தித் தத்தி ஓடினால் எச்264இஃபை என்ற நீட்சியைப் போட்டு, 360 அல்லது 480இல் பாருங்கள். பழைய கிராபிக்ஸ் சில்லுகள் பலவற்றுக்குப் புதிய வீடியோ வகைகள் தெரியாது, எச்264 தெரியும். ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப்களைப் பிரவுசருக்குள்ளே திறக்க வேண்டாம். இறக்கிவைத்துத் தனி ரீடரில் திறந்தால் இயந்திரம் திணறாது. மடிக்கணினி என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு மிகச் சிறிய சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்று போட்டுப் பாருங்கள். ரேமுக்கு அடுத்துச் செலவழிக்கத் தகுந்த இடம் அதுதான்.

ரீச்சரின் பென்டியம் 4இல் 512 எம்பி இருந்தது. பழைய பலகை ஒன்றைத் தேடி 1.5 ஜிபி ஆக்கினோம். பிரவுசர் முதல்முறை திறக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கிறது. அந்த நேரத்தில் அவ தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறா. போன கிழமை நான் போனபோது, ஈழத்துத் தமிழ் ஏடுகளைச் சேர்த்து வைக்கும் நூலகம் என்ற இணையதளத்தில், தான் படிப்பித்த காலத்துப் பாடசாலை மலர்களைத் தேடிக்கொண்டிருந்தா.

"தம்பி, அந்தப் பச்சைப் பூத்த பற்றரியை எறிஞ்சிட்டீரோ?"

"இல்லை ரீச்சர், குப்பைக்குள்ள போடக்கூடாது. போத்திலுக்குள்ள வைச்சிருக்கிறன்."

"அப்ப சரி" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினா.