முள் எடுக்கப் போய் முள்ளை உடைக்காதீர்கள்

முதலுதவி பழக வருகிறவர்கள் கையில் ட்வீசரைக் கொடுத்தால் செய்கிற தவறுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. கை கழுவுவது, வெளிச்சத்தில் உட்காருவது எல்லோருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுவோம்.

முள்ளை நேர் மேலே இழுப்பது

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சீமைக் கருவேல முள் பெரும்பாலும் சாய்வாகத்தான் இறங்கும். அதைச் செங்குத்தாக இழுத்தால் வளைந்து, தோல் மட்டத்தில் முறியும். கையில் வந்த துண்டைக் காட்டி "வந்துடுச்சு" என்று எழுந்து போய்விடுவார்கள். நுனி உள்ளே கிடக்கும்.

அது முழங்காலிலோ விரல் மூட்டிலோ தங்கிவிட்டால் மாதக்கணக்கில்கூட மூட்டு வீங்கிக் கிடக்கும். முள் குத்தியதையே மறந்து, மூட்டுவாதம் என்று மாத்திரை விழுங்குகிறவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் முள் பொதுவாகத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிய வாய்ப்பு அதிகம். அதனால் டாக்டரிடம் முள் குத்திய கதையை முதலில் சொல்லுங்கள்.

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தலை தெரிந்தால் தோலை ஒட்டிப் பிடித்து, புகுந்த கோணத்திலேயே சீராக இழுங்கள். தெரியாவிட்டால் ட்வீசரால் நோண்டாதீர்கள். சுத்தம் செய்த ஊசியால், முள் கிடக்கும் திசையிலேயே மேல்தோலை மட்டும் கீறி, தலையை நெம்பிவிட்டுப் பிடியுங்கள். மெல்லிய முனை ட்வீசரை அளவுக்கு மீறி அழுத்தினால் முனைகள் விலகி முள் நழுவும். வெளியே வந்ததும் நுனியைப் பாருங்கள்: மொட்டையாக இருந்தால் மீதி உள்ளே.

ஆழமாகப் போனது, மூட்டருகே குத்தியது, சர்க்கரை நோயாளியின் கால் என்றால் வீட்டில் முயலவே வேண்டாம்.

ஊறவைப்பது

முள்ளும் மூங்கில் சிராயும் தண்ணீரில் உப்பி நொய்ந்துவிடும். பிடித்தால் நார் நாராகப் பிரியும்.

புருவ ட்வீசரையே பெட்டியில் போடுவது

பட்டை முனை சிராய்க்குப் போதாது. கூர்முனை ஒன்று வேண்டும். வாங்கும்போது முனைகளைச் சேர்த்து அழுத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். முனைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் வேறு எடுங்கள்.

நெருப்பில் காட்டுவது

ட்வீசர் முனையில் கரி படிந்து புண்ணுக்குள் போகும். சோப்புப் போட்டுக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டால் போதும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய்

தீக்குச்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். உண்ணியின் உடம்பை நசுக்காமல், தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் மேலே இழுங்கள். நேராக இழுக்க வேண்டியது இங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் சில காடுகளில் குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாகப் பரவுகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

தேனீக் கொடுக்குக்கு ட்வீசர் தேடுவது

தேடி முடிப்பதற்குள் விஷம் இறங்கிவிடும். நகத்தால் உடனே சுரண்டுங்கள்.

கண்ணில் தூசி

ட்வீசர் பக்கத்திலேயே வரக்கூடாது.

குழந்தை மூக்கில் புளியங்கொட்டை

வழுவழுப்பான உருண்டை, பிடிக்கப் பிடிக்க உள்ளே போகும். காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போங்கள். போனது பட்டன் பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே உள்தசையை அரித்துவிடும்.

எடுத்ததோடு விட்டுவிடுவது

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மண் பட்ட காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகிறது என்றால் அன்றே டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.