டி அண்ட் டி கதாபாத்திரத்துக்கு முன்கதை எழுதுவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கற்பனைக் கதாபாத்திரமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. அதை ஆடப்போகும் புதியவர்கள் முன்கதை, அதாவது ஆட்டம் தொடங்கும் முன் கதாபாத்திரம் வாழ்ந்த வாழ்க்கை, என்றதும் பத்துப் பக்கம் எழுதிவிடுகிறார்கள், இல்லையென்றால் வெறும் பெயரோடு வந்து உட்காருகிறார்கள். அரைப் பக்கம் போதும். ஆனால் ஆட்டத்தை நடத்தும் டிஎம், அதிலிருந்து நாலு காட்சியாவது உருவாக்க முடிய வேண்டும்.

1. முதலில் டிஎம்மிடம் பேசுங்கள். கதை எந்த ஊரில் நடக்கிறது, எப்படிப்பட்ட கதை என்று கேளுங்கள். இங்கே இந்த விளையாட்டின் கற்பனை உலகில் உள்ள பால்டர்ஸ் கேட் நகரம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காவல் வேலையைப் பார்ப்பது ஃபிளேமிங் ஃபிஸ்ட் என்ற கூலிப்படை. இந்த ஒரு தகவலே கதைக்குப் பாதி வழி காட்டிவிடும்.

2. லெவலை, அதாவது கதாபாத்திரம் எவ்வளவு தேர்ந்தவர் என்று காட்டும் படிநிலையை, மறக்காதீர்கள். விளையாட்டின் 2014 பதிப்பு விதிகளில் லெவல் 1 ஃபைட்டருக்கு (போர்வீரருக்கு) ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு, 10; அதோடு கான்ஸ்டிடியூஷனுக்கு (உடல் உறுதிக்கு) கிடைக்கும் கூடுதல். காப்ளின் என்ற சாதாரண குட்டி அரக்கன்கூட ஒரே வெட்டில் அதில் 8 வரை குறைத்துவிடும். அதனால் 'டிராகனைக் கொன்ற மாவீரன்' எல்லாம் இப்போது வேண்டாம். அந்தச் சாகசம் ஆட்டத்தில்தான் நடக்க வேண்டும்.

3. பேக்கிரவுண்டை, அதாவது சாகசத்துக்கு முன் கதாபாத்திரம் என்னவாக இருந்தார் என்பதை, தேர்ந்தெடுங்கள். சோல்ஜர் எடுத்தால் அத்லெடிக்ஸ் (ஏறுதல், தாவுதல் போன்றவை), இன்டிமிடேஷன் (மிரட்டுதல்) என்ற இரண்டு திறமைகள் கிடைக்கும். 2014 புத்தகத்தில் ஒவ்வொரு பேக்கிரவுண்டோடும் கொள்கை, பந்தம், பலவீனம் ஆகியவற்றுக்கு அட்டவணைகள் இருக்கும். 2024 பதிப்பில் அவை பேக்கிரவுண்டோடு வருவதில்லை. எந்தப் பதிப்பு ஆடினாலும் மூன்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். பலவீனத்தை மட்டும் கூச்சப்படாமல் எழுதுங்கள், மேஜையில் அதிகம் பயன்படுவது அதுதான்.

4. ஊரை விட்டு ஏன் கிளம்பினார்? இதுதான் முன்கதையின் உயிர். ஒரே ஒரு சம்பவம், உயிரோடு இருக்கும் இரண்டு பேர், விடை தெரியாத ஒரு கேள்வி. குடும்பம் மொத்தத்தையும் கொன்றுவிட்டுத் தொடங்குவது பலருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் டிஎம் யாரை ஆபத்தில் மாட்டிவிடுவார், யாரை உதவி கேட்டு அனுப்புவார்? ஒரு தம்பியையாவது விட்டுவையுங்கள். இப்படி எழுதலாம்:

"மாரா, 24 வயது. கீழ்நகரத்துச் சாயப்பட்டறையில் வளர்ந்தவள். ஃபிளேமிங் ஃபிஸ்டில் சேர்ந்தாள். ஒரு இரவு, காவல் காக்க வேண்டிய கிடங்கிலிருந்து மேலதிகாரியே பெட்டிகளைக் கடத்துவதைப் பார்த்தாள். பயந்து, யாரிடமும் சொல்லாமல் படையை விட்டு ஓடினாள். தம்பி இன்னும் அதே அதிகாரியின் கீழ் இருக்கிறான். பெட்டிகளில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது."

பலவீனம் பயம், பந்தம் தம்பி, கேள்வி பெட்டி. விடையை நீங்களே முடிவு செய்யாதீர்கள், டிஎம்முக்கு விட்டுவிடுங்கள்.

5. கூட ஆடுபவர் ஒருவரோடு முடிச்சுப் போடுங்கள். இது கூட்டாக ஆடும் ஆட்டம். 'யாரோடும் சேராத தனி ஆள்' படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அவர் ஏன் இந்தக் குழுவோடு குகைக்குள் போக வேண்டும்? மாரா ஓடிய இரவில் அவளை ஒளித்துவைத்தது நண்பர் ஆடும் ரோக் (திருட்டிலும் ஒளிவதிலும் தேர்ந்த கதாபாத்திரம்) என்று வைக்கலாம். அப்புறம், அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே எழுதுங்கள்.

6. முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே டிஎம்மிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதிகாரியின் பெயரையோ ஊரையோ மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், தம்பியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.