கப்பல் பட்டியலில் ஊர் தேடுவோருக்கு ஓர் இணையப் பக்கம்: தொடங்கி நடத்தும் முறை

தென்னாப்பிரிக்க வானொலியில் தமிழுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. லோட்டஸ் எஃப்.எம். நிலையம் இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஆகியவற்றோடு தமிழுக்கும் நேரத்தைப் பங்கிட வேண்டியிருப்பதால், பாட்டு, பண்டிகை, அறிவிப்பு என்று பலருக்கும் பொதுவானவற்றுக்கே முதலிடம் தர வேண்டியிருக்கிறது. ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்த தம் கொள்ளுப்பாட்டனார் வட ஆற்காட்டில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்று தேடும் ஒருவருக்காக அதில் அரைமணி நேரம் ஒதுக்குவது கடினம். யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் இந்த நெருக்கடி இல்லை. ஒரு காணொளியை நாற்பது பேர் மட்டுமே பார்த்தாலும் அது அங்கே இருக்கும். சாட்ஸ்வொர்த், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா, டொராண்டோ என்று சிதறிக் கிடக்கும் அந்த நாற்பது பேரும் தமக்கு வசதியான வேளையில் அதை வந்தடைய முடியும். அவர்களுக்கு வழிகாட்டும் பக்கம் ஒன்றை அமைப்பது எப்படி என்பதே இங்கே பொருள். தேவாரம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

முதலில் எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். "தென்னாப்பிரிக்கத் தமிழர் பக்கம்" என்று தொடங்கினால், ஒரு நாள் காவடிப் படம், மறுநாள் சினிமாச் செய்தி, அதற்கடுத்த நாள் துக்க அறிவிப்பு என்று அது எல்லாத் திசையிலும் இழுபடும். ஒருவர் எதைத் திறந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதை வைத்தே தளங்கள் அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் அடுத்ததைக் காட்டுகின்றன. கலவையான பக்கத்துக்குத் தெளிவான பார்வையாளர் கூட்டம் உருவாகாததால், நல்ல பதிவும் உரியவரிடம் போய்ச் சேராமல் நின்றுவிடும். "நேட்டால் கப்பல் பட்டியலைப் படித்து ஊரைக் கண்டுபிடித்தல்" (நேட்டால் என்பது டர்பனை உள்ளடக்கிய அன்றைய ஆங்கிலேயர் காலனி; கப்பல் பட்டியல் என்பது அங்கே வந்த கூலிகளின் பதிவேடு) என்ற ஒரே வேலையை எடுத்துக்கொண்டால் வருகிறவர் குறைவுதான். ஆனால் வந்தவர் கடைசி வரை இருந்து பார்ப்பார், தம் சித்தி பெரியம்மா மக்களையும் அழைத்து வருவார்.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் காலனி எண் (நேட்டாலில் ஒவ்வொருவருக்கும் இடப்பட்ட தனி எண்), பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் முதலிய விவரங்கள் எழுதப்பட்டன. ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியதால் வேலூரை அடுத்த ஒரு சிற்றூரின் பெயர் அடையாளம் தெரியாமல் சிதைந்திருக்கலாம். இங்கேதான் தமிழ் தெரிந்தவரின் பணி தொடங்குகிறது. பழைய வட ஆற்காடு இன்று ஒரே மாவட்டமாக இல்லை: 1911-இல் சித்தூர் பிரிந்தது, 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தேடும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கக்கூடும் என்பதை விளக்கும் ஐந்து நிமிடக் காணொளி ஒன்று, பொதுவான வரலாற்றுச் சொற்பொழிவுகள் பலவற்றைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

அடுத்தது தலைப்பு. இங்குள்ள இளையோரில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். தமிழ் எழுத்தில் தேடமாட்டார்கள். பிள்ளை என்பதை பில்லே என்றும், முதலியார் என்பதை மூட்லி என்றும், கவுண்டர் என்பதை கோவெண்டர் என்றும் ஒலிக்கும்படி ஆங்கில எழுத்தில் எழுதியே அவர்கள் தேடுவார்கள். அந்த எழுத்துக்கூட்டல் நமக்குப் பிழையாகத் தோன்றினாலும், அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் இருப்பது அதுதான். ஆகவே காணொளியின் தலைப்பிலும் விளக்கக் குறிப்பிலும் அந்த வடிவத்தையே முதலில் இட்டு, தமிழ் வடிவத்தை அதன் அருகே தாருங்கள். பழைய மாவட்டப் பெயர்களுக்கும் இதே முறைதான்; செங்கல்பட்டு, திருச்சிராப்பள்ளி ஆகியவற்றின் வெள்ளைக்காரர் காலத்து எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துவிடுங்கள். முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி நினைவு நிகழ்ச்சிகள் நடப்பதால், புதியவர்களை வரவேற்கும் பதிவுகளை அந்த வாரத்துக்கென வைத்துக்கொள்வது நல்லது.

யூடியூபும் ஃபேஸ்புக்கும் உங்களைக் கண்டுபிடிப்பதற்கான இடங்கள். உண்மையான வேலை வாட்ஸ்அப்பில் நடக்கும். இங்கு மொபைல் டேட்டாவின் விலை அதிகம் என்பது பழைய குறை. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையமும் 2019-இல் அதையே அறிக்கையாகச் சொன்னது. எனவே நீண்ட காணொளிக்குப் பதிலாகச் சுருக்கிய படமும் குரல் பதிவும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் மற்றவர் கண்ணில் படும்; சேனலில் படா, ஆனால் அங்கே அவர்கள் கேள்வி எழுப்ப முடியாது. அறிவிப்புக்குச் சேனலையும், ஒரே மாவட்டத்தைத் தேடுவோருக்குச் சிறு சிறு குழுக்களையும் வைத்துக்கொண்டால் இரண்டு தேவையும் நிறைவேறும். விசாரிப்பவரிடம் முதலில் காலனி எண்ணைக் கேளுங்கள். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளிலும் ஒப்பந்த விடுதலைச் சீட்டிலும் அது பெரும்பாலும் கிடைக்கும்.

பட்டியலில் சாதி எழுதியிருப்பதால் கவனம் தேவை. குடும்பத்தார் வெளிப்படையாக இசைந்தாலன்றி அந்தப் பகுதியை மறைத்தே படத்தை வெளியிடுங்கள்; தம் முன்னோரைப் பற்றி ஒருவர் முதன்முதலாக அறிவது பலர் கூடிய குழுவில் நிகழக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இறந்தோரின் விவரத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் கேட்டு வருகிற உயிருள்ளவரின் பெயர், எண், முகவரி ஆகியவற்றுக்கு நீங்களே பொறுப்பு.

வருமானத்தைப் பொறுத்தவரை விளம்பரத்தை நம்ப வேண்டாம். யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது குறுங்காணொளிகளுக்கான தனி இலக்கும்) வேண்டும். இத்தகைய பக்கத்துக்கு அது எட்டாக்கனி. ஒரு குடும்பத்தின் பதிவைத் தேடிப் படித்து ஊரின் இன்றைய இடத்தைக் குறித்துத் தருவதற்கு நேரடியாகக் கட்டணம் கேட்பதே முறை. வங்கி மாற்றமோ, 2023 முதல் உள்ள பேஷாப் என்ற உடனடிப் பணமாற்றச் சேவையோ அதற்குப் போதும். கட்டணம் ஊரைத் தேடும் உழைப்புக்கு உரியது, ஊர் கிடைத்தே தீரும் என்பதற்கு அன்று என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எந்த இணையத் தளமும் நிரந்தரமல்ல; பலர் கூடிப் பேசிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டதை மறக்க வேண்டாம். கண்டறிந்த ஊர்ப்பெயர்களை, பழைய எழுத்துக்கூட்டல், இன்றைய பெயர், வட்டம், மாவட்டம் என்ற நான்கு பத்திகளில் ஓர் அட்டவணையாக உங்கள் கணினியில் வைத்து, மாதந்தோறும் அதன் படியொன்றை வேறொருவரிடமும் கொடுத்து வாருங்கள்.