வெட்டிய பிறகும் துளிர்த்த அடிக்கட்டை: என் அனுபவம்

சுவரை ஒட்டி நின்ற பெரிய மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக, கயிறு கட்டி இறக்கி வெட்டியாயிற்று. அதில் சிக்கல் இல்லை. தொல்லை கொடுத்தது அடிக்கட்டைதான். பட்டை ஓரமாகத் துளிர் கிளம்பிக்கொண்டே இருந்தது, கிள்ளக் கிள்ள இன்னும் அடர்த்தியாக. வேரோடு தோண்டலாம் என்றால் பக்க வேர்கள் அஸ்திவாரத்துக்கு அடியில் போயிருந்தன. உப்பு கொட்டச் சொன்னார்கள். மண்ணும் கெடும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. கட்டையின் நடுவில் துளையிட்டுக் கிளைபோசேட் களைக்கொல்லி ஊற்றிப் பார்த்தேன். துளிர் அசரவே இல்லை.

நடுப்பகுதி வைரம் பாய்ந்தது, அதாவது உயிரில்லாத கட்டை. மருந்தை வேருக்குக் கொண்டுபோவது பட்டைக்கு உட்புறமாக இருக்கும் மெல்லிய வளையம்தான். அதுவும் வெட்டிய சிறிது நேரத்திலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். சரி என்று, கட்டையின் மேலிருந்து ஒரு வில்லையைப் புதிதாக அறுத்தேன். மரத்தூளைத் துடைத்துவிட்டு, சில நிமிடங்களுக்குள் அந்த வளையத்தில் மட்டும் பிரஷால் மருந்தைப் பூசினேன். கையுறை கட்டாயம், மழை இல்லாத நாளும் முக்கியம். அப்புறம் துளிர் வரவில்லை. அப்பாடா!

பக்கத்தில் அதே இன மரம் நின்றால் இதைச் செய்யாதீர்கள். வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மருந்து அதற்கும் போய்விடும்.