பரணில் கிடைத்த பழைய மருந்துச் சீசா: கழுவும் முன் செய்ய வேண்டியவை

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போதோ பரணை ஒழிக்கும்போதோ விக்டோரியா ராணி காலத்து இங்கிலீஷ் மருந்துச் சீசா கையில் சிக்கினால், தயவுசெய்து உடனே வாளித் தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணாடி இன்னும் நூறு வருஷம் தாங்கும். அதில் ஒட்டிய லேபிளும் சுற்றிய தாளும்தான் அரியவை, அவை நனைந்தால் ஒரு நிமிடத்தில் கூழ். நல்ல பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் வாயும் அடியும் தெரியப் படம் எடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.

உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் திறக்கவும் வேண்டாம், முகரவும் வேண்டாம். காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் என்று விற்ற காலிஸ் பிரவுன் குளோரோடைனில் அபின் சத்து, கஞ்சா டிங்சர், குளோரோஃபாரம் மூன்றும் சேர்ந்திருந்தன. பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை நிறுத்த விற்ற மிசஸ் வின்ஸ்லோ சிரப்பில் மார்ஃபின். டாக்டர்களே எழுதிக்கொடுத்த ஃபௌலர் கரைசலில் ஆர்சனிக். திரவம் வற்றினாலும் ஆர்சனிக் அடியில் ஒட்டிய பிசுக்கில் தங்கிவிடும். கருநீலம் அல்லது பச்சை நிறத்தில், இருட்டில் தடவினாலும் தெரியும்படி வரிவரியாக மேடு கட்டிய சீசா விஷத்துக்கு உரியது. லேபிளில் சாதுவான பெயர் இருக்கிறதே என்றும் நம்ப முடியாது. காலிச் சீசாவை எறியாமல் மண்ணெண்ணெய், தைலம், அத்தர் என்று எதையாவது ஊற்றி வைப்பது அன்றைய வழக்கம். கையுறை போட்டு எடுத்து, கனமான பிளாஸ்டிக் உறையில் நிமிர்த்தி வைத்து மூடுங்கள். இறுகிய தக்கையைத் திருகினால் கழுத்து உடையும்.

வயதைச் சொல்வது அச்சுக் கோடு. சீசாவின் பக்கவாட்டில் நகத்தைக் கீழிருந்து மேலே இழுத்தால் மெல்லிய மேடு ஒன்று தட்டுப்படும். அது கழுத்திலேயே மறைந்து, வாய் விளிம்பு மழமழவென்று இருந்தால், உடலை அச்சில் ஊதி வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். பொதுவாக 1910-க்கு முந்தியது. குறுகிய வாய் கொண்ட சீசாவில் கோடு விளிம்பையும் தாண்டி ஓடினால் அது இயந்திரத்தின் வேலை. சீசாவை முழுதும் தானே செய்யும் ஓவன்ஸ் இயந்திரம் 1903-இல்தான் வந்தது, ராணியோ 1901-இலேயே இறந்துவிட்டார். அடிப்பாகத்தில் கரடுமுரடான வட்டத் தழும்பு இருந்தால், வாயை முடிக்கும்வரை சீசாவைத் தாங்கிய இரும்புக் கம்பியை ஒடித்த இடம் அது. பெரும்பாலும் 1860-களுக்கு முந்தியது. வைர வடிவ முத்திரை, 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவான வடிவமைப்பு என்பதற்கு அடையாளம். 1884 முதல் வெறும் பதிவு எண்தான்.

கண்ணாடிக்குள் குமிழி தெரிகிறது, ஆகவே பழசு என்று சொல்வார்கள். அது போதாது, பிற்கால மலிவுக் கண்ணாடியிலும் குமிழி உண்டு. ஊதா நிறமும் அப்படித்தான். மாங்கனீசு சேர்த்த கண்ணாடி வெயிலில் கிடந்தால் தானாக ஊதா ஏறும், புற ஊதா விளக்கில் வைத்து அதே நிறத்தை ஏற்றி விற்பவர்களும் உண்டு.

இனி சீசாவைச் சுற்றிய விளம்பரத் தாள். இதை அவசரப்படாமல் படியுங்கள். சீசா சொல்லாததை இது சொல்லும். முதலில் முகவரியைத் தேடுங்கள். ஹாலோவே களிம்புச் சிமிழில் 244, ஸ்டிராண்ட் என்று லண்டன் தெரு முகவரி இருந்தால் 1867-க்கு முந்தியது. 533, நியூ ஆக்ஸ்ஃபோர்ட் தெரு என்றால் அதற்குப் பிந்தியது. இந்தக் களிம்பை விற்ற தாமஸ் ஹாலோவே விளம்பரத்துக்கென்றே கடைசிக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 50,000 பவுண்டு செலவழித்தவர். மருந்து உபயோகிக்கும் முறையை இந்திய மொழிகள் உட்படப் பல மொழிகளில் அச்சிட்டார். தமிழ் எழுத்துள்ள துண்டு கிடைத்தால், அது கிழிந்திருந்தாலும் சீசாவைவிட மேலானது.

அடுத்தது விலை. ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னி என்ற விசித்திரமான தொகை அடிக்கடி வரும். ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி, மருந்துக்கு; ஒன்றரை பென்னி இங்கிலாந்து அரசின் முத்திரை வரிக்கு. இந்த வரி முத்திரையைத்தான் அரசாங்கமே மருந்தைச் சோதித்துச் சான்று கொடுத்ததுபோலக் காட்டினார்கள். உண்மையில் உள்ளே என்ன இருக்கிறது என்று அரசாங்கம் சோதிக்கவில்லை. பேட்டன்ட் மருந்து என்ற பெயரும் அப்படியே. பேட்டன்ட் வாங்கினால் சேர்மானத்தை வெளியிட வேண்டும் என்பதால், பெரும்பாலோர் பெயரை மட்டும் காத்துக்கொண்டு சரக்கை ரகசியமாக வைத்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் பீச்சம் மாத்திரையைப் பகுத்துப் பார்த்தபோது கிடைத்தது கற்றாழைப் பால், சுக்கு, சோப்பு. ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னிக்கு விற்ற பெட்டியின் சரக்கு விலை அரை ஃபார்த்திங், அதாவது பென்னியில் எட்டில் ஒரு பங்கு. நோயாளிகளின் அந்தக் காசை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிறகு நோய்ப் பட்டியல், நன்றிக் கடிதம், போலிகளைப் பற்றிய எச்சரிக்கை மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாதம், ஆறாப்புண், மார்ச்சளி எல்லாம் ஒரே களிம்பில் தீரும் என்றால் மலிவுச் சரக்குதான். எச்சரிக்கையில் தேதி ஒளிந்திருக்கும்: குளோரோடைன் தாளில் நீதிமன்றத் தீர்ப்பு பேசப்பட்டால் அது அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற 1864 வழக்கு, தாள் அதற்குப் பிந்தியது. குளோரோடைன் 1856-இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டிலும் விற்றது. ஆகவே பெயரை மட்டும் வைத்து வயது சொல்லாமல் அச்சுக் கோட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

லேபிள் இல்லாத, வெறும் உப்புப் படிந்த காலிச் சீசாவை மட்டும் தண்ணீரில் வைக்கலாம். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் போட்டால் உப்பு கூடத்தான் செய்யும். மழைத் தண்ணீர் அல்லது பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, பிளாஸ்டிக் தொட்டியில் முழுதும் மூழ்க வைத்து, நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் காயவிடுங்கள். வெள்ளைத் தடம் விழுந்தால் ஊறியது இன்னும் போதாது. வெந்நீர் கூடாது, பழைய கண்ணாடி விரியும். வானவில் நிறத்தில் மேற்பரப்பு உரிந்தால் தேய்க்கவே கூடாது. அந்தத் தோல் கண்ணாடியே அரித்து ஆனது. உள்ளே படிந்த கறைக்கு மணல் போட்டுக் குலுக்கினால் கீறல்தான் மிஞ்சும். கொஞ்சம் பச்சரிசியும் தண்ணீரும் போட்டு மெல்லச் சுழற்றுங்கள். அந்த அரிசியை கோழிக்குப் போடாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள்.

தாளை லேமினேட் செய்வதும் செலோடேப் ஒட்டுவதும் அதைக் கொல்வதற்குச் சமம். பசை பழுப்பாகி எழுத்தைத் தின்னும். அமிலமில்லாத தாளுக்கு இடையில் விரித்து, டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். கடற்காற்றில் பைகள் சீக்கிரம் ஈரம் குடிக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை மாற்றுங்கள். கடல் பார்த்த வெளிச்சுவரை ஒட்டி பீரோவை வைக்க வேண்டாம்.

சீசா தேடி அழகன்குளம் தொல்லியல் மேட்டை அனுமதியின்றித் தோண்டுவதும், மன்னார் வளைகுடாத் தீவுகளில் அனுமதியின்றி இறங்குவதும் சட்டப்படி குற்றம். நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டம் தடுக்கிறது. கொழும்பு உறவினருக்குப் பரிசாகத் தரும் முன் இதை யோசியுங்கள். எந்த ஊர், எந்த வீட்டில் எந்த இடத்தில் கிடைத்தது என்பதை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிச் சீசாவோடு கட்டிவிடுங்கள். பேனா மை நம் ஊர் ஈரத்தில் ஊறிப் பரவும்.